தாய்ப்பூச்சி பொறியில் விழாது

சம்பா நெல்லுக்குக் காப்பீடு கட்ட நவம்பர் 15தான் கெடு என்ற பரபரப்புக்கு நடுவே லால்குடி, அந்தநல்லூர் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதி, காப்பீட்டை விட்டுவிட்டு இனக்கவர்ச்சிப் பொறியைப் பற்றிக் கேட்கின்றன. ஏக்கருக்கு 8 வைத்தோம், பையில் பூச்சியும் விழுகிறது, பிறகும் குருத்து காய்கிறதே?

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. நம் வேளாண் தமிழில் முட்டை, புழு, கூட்டுப்புழு, அதற்கடுத்தது ஆணானாலும் பெண்ணானாலும் ‘தாய்ப்பூச்சி’. ஆகவே தாய்ப்பூச்சியைக் கவர்ந்து அழிக்கும் பொறி என்று பிரசுரத்தில் படித்தால், முட்டையிடுபவள் செத்தாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் விழுவது அத்தனையும் ஆண். பொறிக்குள் மாட்டும் ‘லூர்’ என்ற ரப்பர்த் துண்டில் இருப்பது பெண் குருத்துப்பூச்சி இரவில் விடும் வாசனையின் நகல். இரண்டே வேதிப்பொருள், மூன்றுக்கு ஒன்று என்ற கலவை. சந்தேகமிருந்தால் பையைக் கொட்டிப் பாருங்கள். ஸ்ரீரங்கத்து மாடியில் டியூப்லைட்டைச் சுற்றும் வைக்கோல் நிறப் பூச்சிக்கு முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி இருந்தால் அதுதான் பெண். பையில் அந்தப் புள்ளியைக் காண முடியாது.

இனி கணக்கு. வயலில் ஆண் 100, பெண் 100 என்று வைத்துக்கொள்வோம். பொறி 50 ஆணைப் பிடித்துவிட்டது. மிஞ்சிய ஆண் ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்ணோடு சேரக்கூடியது. முட்டை எங்கே குறையும்? ஊர் முழுக்க ஒரே நேரத்தில், பூச்சி குறைவாக இருக்கும்போதே வைத்தால் ஓரளவு பலன் உண்டு. பக்கத்து வயலில் பொறி இல்லையென்றால் அங்கே சினைப்பட்ட பெண் இங்கே வந்து முட்டையிடும்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. வயலில் நிஜப் பெண்கள் பெருகும்போது லூர் அவற்றோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. ஆண் எதற்கு ரப்பர்த் துண்டைத் தேடி வரும்? பூச்சி உச்சத்தில் இருக்கும் நாளிலேயே பையில் எண்ணிக்கை இறங்கலாம். அதைப் பார்த்து ‘கட்டுப்பட்டது’ என்று குறித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் பொறி வீணா? இல்லை, அது நாள் சொல்லும் கருவி. ஆண் விழத் தொடங்கியதும் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவியின் அட்டையை ஏக்கருக்கு 2 சி.சி. வீதம், வாரம் ஒரு முறையாக மூன்று தடவை கட்டலாம். அந்தக் குளவிக்கு முட்டைதான் வேண்டும். புழு குருத்துக்குள் போனபின் கட்டினால் அட்டைக் காசு போச்சு.

மருந்து எப்போது? சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் அல்லது 10 சதவீதக் குருத்துக் காய்வு கண்டால். வெண்கதிர் வந்தபின் அடித்துப் பயனில்லை.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள். லூர் எத்தனை நாள் உழைக்கும்? மூன்று, நான்கு வாரம்.

துறையூர் மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கும் இதே லூரா? ஆகாது, அதற்குத் தனி லூர்.

பொறி வைத்த படம் காப்பீட்டுக்கு உதவுமா? உதவாது, பயிர் அறுவடைப் பரிசோதனையில் வரும் மகசூலை வைத்துத்தான் இழப்பீடு.

வாழைக் கிழங்கு வண்டுக்கு வைப்பது? அது கூட்டம் கூட்டும் வாசனை. ஆணும் பெண்ணும் சேர்ந்தே விழும்.