மலையில் மழை, பையில் சைலண்ட்
கைக்குள் ஒரு கருவி – 9

குற்றாலத்துக்குக் குடும்பமாகப் போனால் ஒருவர் மட்டும் கரையிலேயே உட்கார்ந்துவிடுவார். மாற்றுத்துணி, பர்ஸ், எல்லாருடைய போன் என்று ஒரு பை அவர் மடியில் இருக்கும். பெரும்பாலும் ஆச்சி, இல்லாவிட்டால் சளி பிடித்த மாமா. பேரருவியை ஒட்டியே குற்றாலநாதர் கோயில் இருப்பதால் பலரும் முதலில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் குளிக்கப் போகிறார்கள். கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. போனைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அமர்த்தி இடுப்பில் செருகிக்கொள்கிறவர்களும் உண்டு. சன்னதிக்காக அமர்த்தியதைத் திருப்பிப் போட யாருக்கும் நினைவு வருவதில்லை. அப்படியே அந்தப் பைக்குள் போய்விடுகிறது.

மற்ற ஊரில் இதை மறதி என்று விட்டுவிடலாம். குற்றாலத்தில் விட முடியாது. அருவிக்கு வரும் தண்ணீர் மலைக்காட்டில் பெய்த மழை. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கொட்டித் தீர்த்திருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. சீசன்கூட அப்போது தொடங்கியிருக்கவில்லை. கோடை விடுமுறைக் கூட்டம். போன் அடித்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த வெள்ளம் யாருக்கும் அவகாசம் தரவில்லை. ஆனால் இப்படி ஒரு செய்தி டிவியில் ஓடத் தொடங்கியதும் ஊரில் இருக்கும் அம்மா முதலில் செய்வது என்ன? போன் போடுவதுதான். மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடி போகிறது, எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் படும் பாட்டை ஒரு பொத்தான் தவிர்த்துவிடும்.

ஆண்ட்ராய்டில் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பக்கவாட்டு வால்யூம் பொத்தானை மேலே மேலே அழுத்திவிட்டு, “சத்தத்தைக் கூட்டிட்டேனே” என்பார்கள். அந்தப் பொத்தான் பெரும்பாலும் கூட்டுவது பாட்டு, வீடியோவின் சத்தத்தை. மணியின் சத்தம் வேறு. பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் திரையில் ஒரு கோடு எழும்பும். அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு மணிப் படம் இருக்கும். மணியின் மேல் குறுக்குக்கோடு விழுந்திருந்தால் சைலண்ட். அதைத் தொட்டு ‘ரிங்’ என்று மாற்றுங்கள். பிறகு கோட்டை ஒட்டியிருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் பாட்டு, அழைப்பு மணி, அலாரம் என ஒவ்வொன்றுக்கும் தனிக்கோடு விரியும். அழைப்பு மணிக்கான கோட்டை முழுக்கத் தள்ளிவிடுங்கள். விரல் ஈரமாக இருந்தால் திரை சொன்னபடி கேட்காது. துண்டில் துடைத்துக்கொண்டு தொடுங்கள்.

ஐபோனில் வேலை குறைவு. பழைய மாடல்களில் இடப்பக்கம் சின்ன விசை உண்டு. ஆரஞ்சு நிறம் தெரிந்தால் சைலண்ட். 15 ப்ரோவிலும் 16 வரிசையிலும் அந்த இடத்தில் ஆக்‌ஷன் பட்டன். வேறு வேலைக்கு நீங்கள் மாற்றியிருக்காவிட்டால், அழுத்திப் பிடித்தால் போதும்.

எல்லாம் செய்தும் அடிக்கவில்லையா? ‘டூ நாட் டிஸ்டர்ப்’ பாருங்கள். அது வேறு பூட்டு. ஐபோனில் பிறைநிலா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் வட்டத்துக்குள் ஒரு கோடு. இந்தப் பூட்டில் ஒரு கருணை உண்டு: ஒரே ஆள் அடுத்தடுத்து அழைத்தால் இரண்டாம் அழைப்பை உள்ளே விடச் சொல்லி வைக்கலாம். ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் அழைக்க வேண்டும். சைலண்டில் போட்ட போனுக்கு இது உதவாது. ஐபோன்காரர்கள் அம்மாவின் எண்ணைத் திறந்து, திருத்தத்தில் ரிங்டோனுக்குள் போய் ‘எமர்ஜென்சி பைபாஸ்’ போட்டுவைக்கலாம். சைலண்டையும் மீறி அந்த ஒரு எண் மட்டும் அடிக்கும்.

ஆனால் அருவிப் பக்கம் நின்றால் பக்கத்தில் பேசுவதே கேட்காது, பைக்குள் அடிக்கும் மணி எங்கே கேட்கப் போகிறது? அதனால் கரையில் இருக்கும் ஆச்சியின் போன் மட்டுமாவது ரிங், வைப்ரேட் இரண்டிலும் இருக்கட்டும். பையில் வேண்டாம், கையில் இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்களிடமும் அந்த எண்ணையே கொடுத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் போன்கள் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். செல் பிராட்காஸ்ட் முறையின் சோதனை அது. யாருடைய எண்ணும் தேவையில்லை. குறிப்பிட்ட டவர்களின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் எச்சரிக்கை போகும். சைலண்டில் கிடந்த பல போன்களும் அன்று சேர்ந்தே கத்தின. பயந்துபோய், அல்லது எரிச்சலில், அதை அப்போதே அணைத்துவைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் பாதுகாப்பு, அவசரநிலைப் பகுதிக்குள் ‘வயர்லெஸ் அவசரகால எச்சரிக்கைகள்’ இருக்கும். ஐபோனில் நோட்டிஃபிகேஷன் பக்கத்தின் அடியில். அணைத்திருந்தால் தயவுசெய்து இன்றே திரும்பப் போட்டுவிடுங்கள்.