தங்கம் கொணர்ந்தவரும் பழி சுமந்தவரும்

1980-ம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி மாஸ்கோ நகரில் ஒலிம்பிக் ஹாக்கிப் பந்தயத்தின் முடிவாட்டம் நடந்தது. இந்தியக் கோஷ்டி ஸ்பெயின் கோஷ்டியை 4-3 என்ற கணக்கில் ஜயித்துத் தங்கப் பதக்கம் பெற்றது. அக்கோஷ்டிக்குத் தலைமை வகித்தவர் ஒரு தமிழர். ஆரணியில் பிறந்து, சென்னை நுங்கம்பாக்கத்து லயோலா கலாசாலையில் பயின்ற ஸ்ரீ வாசுதேவன் பாஸ்கரன். மறு வருஷம் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

இருபது வருஷம் சென்றது. 2000-ம் வருஷம் செப்டம்பர் மாதம் ஸிட்னி ஒலிம்பிக்கில் இந்தியக் கோஷ்டி தன் பிரிவின் கடைசி ஆட்டத்தில் போலந்தை எதிர்த்து நின்றது. ஜயித்தால் அரையிறுதி நிச்சயம். நம்மவர் ஒரு கோல் முந்தியிருந்தனர். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷங்கூட இல்லாத தறுவாயில் போலந்துக்காரர் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தனர். இந்தியா ஏழாவது ஸ்தானத்தோடு திரும்பிற்று. அதே பிரிவிலிருந்து மேலே சென்ற தென் கொரியா வெள்ளிப் பதக்கம் பெற்றது. அன்று இந்தியக் கோஷ்டியின் பயிற்சி ஆசிரியர் யார்? அதே பாஸ்கரன்தான். 2006-ல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் பன்னிரண்டு கோஷ்டிகளுள் இந்தியா பதினோராவதாக வந்தபோதும் பயிற்சி ஆசிரியர் அவரே.

ஒரே மனிதர்; இரண்டு கணக்குகள். முதற் கணக்கைப் படிக்கும்போது ஜனங்கள் அவரை மாலையிட்டு வாழ்த்துகிறார்கள். இரண்டாவதைப் படிக்கும்போது, ஆடத் தெரிந்தவருக்கு ஆட்டுவிக்கத் தெரியவில்லை என்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு நியாயமானதா என்று கேட்பதே நமது நோக்கம். ஏனெனில் இது ஒரு தனி மனிதரைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. நமது தேசம் தன் ஊழியர்களை எவ்விதம் அமர்த்துகிறது, எவ்விதம் விலக்குகிறது என்பதைப் பற்றிய விஷயமுமாகும்.

ஹாக்கி நமக்கு வெறும் விளையாட்டாக ஒருபோதும் இருந்ததில்லை. 1936-ல் பெர்லின் முடிவாட்டத்திற்கு முன், உடை மாற்றும் அறையில் நம் ஆட்டக்காரர்கள் காங்கிரஸ் மூவர்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டே மைதானம் புகுந்தார்கள். ஹிட்லரின் ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்தார்கள். 1948 ஆகஸ்டில், சுதந்திரம் பெற்று ஒரு வருஷம் நிறைய மூன்று தினங்கள் இருக்கையில், நம்மை ஆண்டவர்களை அவர்களுடைய லண்டன் மாநகரிலேயே 4-0 என்று வென்றோம். துப்பாக்கியில்லாமல் பெற்ற அந்த வெற்றியைக் கேட்டு மகிழாத தேசபக்தன் இருந்திருக்க முடியுமா? இந்தப் பெருமையின் வாரிசாகத்தான் 1970-களில் ஒவ்வொரு இளைஞனும் இந்தியச் சட்டையை அணிந்தான்.

பாஸ்கரன் அச்சட்டையை அணிந்த காலமோ பெருமை சரியத் தொடங்கிய காலம். 1976-ல் மான்ட்ரியலில் முதல் தடவையாக ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைப் புல்தரையில் நடந்தது. 1928 முதல் பதக்கமின்றித் திரும்பியறியாத இந்தியா அங்கே ஏழாவதாக வந்தது. அந்தக் கோஷ்டியில் ஆடியவர் பாஸ்கரன். நான்கு வருஷம் கழித்துப் பெரும்பாலும் புதியவர்களைக் கொண்ட ஒரு கோஷ்டியை அவர் மாஸ்கோவுக்கு நடத்திச் சென்றார். முகம்மது ஷாஹித்துக்கு அப்போது வயது இருபது. முதல் ஆட்டத்தில் டான்ஸானியாவை 18-0 என்று வென்றவர்கள், அடுத்து போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2-2 என்று சமனாகவே முடித்தார்கள். முடிவாட்டத்தில் சுரீந்தர் சிங் ஸோதி இரண்டும், மகாராஜ் கிருஷ்ண கௌசிக் ஒன்றும் போட்டு 3-0 என்று முந்திய பிறகு, ஸ்பெயினின் ஹுவான் அமாட் அடுத்தடுத்து இரண்டு கோல்கள் போட்டார். ஷாஹித் நான்காவதைப் போட்டார். அமாட் மீண்டும் ஒன்று போட்டார். கடைசி நிமிஷங்களில் ஒரு கோலைக் காத்து நின்றதற்குக் கால் வேகம் மட்டும் போதாது. அணைகடக்கும் வெள்ளத்திற்கு முன் நிதானமாக நிற்கும் தலைமையும் வேண்டும். அதைப் பாஸ்கரன் அளித்தார் என்றே நாம் கருதுகிறோம்.

மாஸ்கோ தங்கத்தைச் சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்துப் பல தேசங்கள் அப்பந்தயத்தைப் பகிஷ்கரித்தன. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஹாலந்து, ஆஸ்திரேலியா வரவில்லை. ஆறே கோஷ்டிகள் ஆடின. இவையெல்லாம் உண்மை. ஆனால் வராதவன் வந்திருந்தால் ஜயித்திருப்பான் என்று தீர்மானிக்க எந்த நியாயஸ்தலத்திற்கும் அதிகாரமில்லை. வந்தவர்களை வென்றார்கள், அவ்வளவே ஒரு கோஷ்டியால் செய்யக்கூடியது. பகிஷ்காரம் என்ற ஆயுதத்தை நன்கறிந்த நம் தேசத்தில், அதன் பழியை ஆடச் சென்றவர்கள் தலையில் சுமத்துவது விநோதந்தான்.

இனி, பயிற்சி ஆசிரியரின் கணக்குக்கு வருவோம். இங்கே ஹாக்கியின் உடலே மாறிப்போன கதையைச் சொல்லாமல் விஷயம் விளங்காது. மண்ணிலும் புல்லிலும் பந்து நேராக ஓடாது. குதிக்கும், திரும்பும், நிற்கும். அதை மட்டையோடு ஒட்டவைத்து மணிக்கட்டின் திருகலால் எதிரியை ஏமாற்றிச் செல்வது நம்மவர் வித்தை. செயற்கைத் தரையில் பந்து கண்ணாடிமேல் உருளுவதுபோல் உருளும். அங்கே மணிக்கட்டைவிட நுரையீரலும் தொடையும் அதிகம் பேசும். நீண்ட கடவுப்பந்து நினைத்த இடத்தில் போய்ச் சேரும். மரமட்டை போய் நாரிழை மட்டை வந்தது. 1992-க்குப் பின் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்று ஆயிற்று. எனவே பதினொருவரை அன்று, பதினாறு பேரையும் ஒரே கோஷ்டியாக ஓட்டத் தெரிய வேண்டும். 1996-ல் 'ஆஃப்ஸைட்' விதியைச் சோதனையாக எடுத்து, பிறகு நிரந்தரமாகவே நீக்கினார்கள். முன்னணி ஆட்டக்காரன் எதிரியின் கோலருகிலேயே காத்து நிற்கலாம். பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து எறியும் நிபுணன் ஒருவன் இல்லாத கோஷ்டி பாதி ஆயுதத்தோடு போருக்குச் செல்வது போலாயிற்று.

பாஸ்கரன் ஆடிய ஹாக்கிக்கும் அவர் கற்பிக்க நேர்ந்த ஹாக்கிக்கும் இடையே இத்தனை தூரம் இருந்தது. ஐரோப்பியத் தேசங்களில் சிறு கிராமத்துச் சங்கத்துக்குக்கூடச் செயற்கைத் தரை உண்டு. பத்து வயதுப் பையன் அதன்மேல் ஓடி வளர்கிறான். நம் பையன் பதினெட்டு வயது வரை புழுதியில் ஆடிவிட்டு, தேசியப் பயிற்சி முகாமில்தான் அத்தரையின் மேல் காலை வைக்கிறான். அவனுடைய கால்களுக்கும் கண்களுக்கும் பத்து வருஷத்துப் பாடத்தைப் பத்து வாரத்தில் புகட்டும்படி பயிற்சி ஆசிரியரிடம் சொல்லுகிறார்கள்.

அந்தப் பத்து வாரமும் உறுதியில்லை என்பதுதான் பெரிய அவலம். 1994 முதல் 2008 வரை ஸ்ரீ கே.பி.எஸ். கில் தலைமையில் இருந்த இந்திய ஹாக்கி சம்மேளனம் பயிற்சி ஆசிரியர்களைச் சத்திரத்து யாத்திரிகர்களாகவே நடத்திற்று. 1998 டிசம்பரில் பாங்காக் ஆசியப் பந்தயத்தில் முப்பத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர், மாஸ்கோவில் பாஸ்கரனோடு ஆடிய அதே கௌசிக். அவருக்குக் கிடைத்த வெகுமதி என்ன? பதவி போயிற்று. கோஷ்டித் தலைவராயிருந்த, புனாவில் வளர்ந்த தமிழர் தனராஜ் பிள்ளை உள்ளிட்ட பல ஆட்டக்காரரும் தங்கம் வென்ற கையோடு விலக்கப்பட்டனர். 1998-க்கும் 2008-க்கும் இடையில் கௌசிக், பாஸ்கரன், செட்ரிக் டிசூசா, ராஜிந்தர் சிங், ஜெர்மானியர் கெர்ஹார்ட் ராக், ஜோக்கிம் கார்வாலோ என்று பலர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். சிலர் ஒருமுறைக்கு மேலும் அமர்ந்தார்கள். ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கையில் ஒருவரை நீக்கி ராக் என்பவரைக் கொண்டுவந்தார்கள். தோற்றால் நீக்கம், ஜயித்தாலும் நீக்கம். இந்த நிலைமையில் ஒரு மனிதர் எந்தத் திட்டத்தை வகுத்து எப்போது நிறைவேற்றுவது?

பாஸ்கரனுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. ஸிட்னியில் ஒரு கோல் முந்தி நின்ற கோஷ்டி கடைசி நிமிஷங்களில் பந்தைக் கையடக்கமாக வைத்துக் காலத்தைக் கடத்தத் தவறியது, களத்தில் இருந்தவர்களின் தவறாயினும், அதைக் கற்பித்திருக்க வேண்டியவர் வெளியே நின்றவர். மாஸ்கோவில் கோஷ்டித் தலைவராக அவர் கையில் இருந்த அந்த நிதானம், ஸிட்னியில் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றபோது உள்ளே செல்லவில்லை. ஆட்டக்காரனாயிருந்து ஆசிரியனாகும் ஒவ்வொருவனுக்கும் நேரும் கொடுமை இது; தன் கை அறிந்ததைப் பிறன் கைக்கு மாற்றும் வித்தை வேறு வித்தை. 2006-ன் பதினோராவது ஸ்தானத்திற்குச் சமாதானம் சொல்வது இன்னும் கடினம். ஆனால் அவ்வருஷ டிசம்பரில் டோஹா ஆசியப் பந்தயத்தில் இந்தியா முதல் தடவையாகப் பதக்கமின்றித் திரும்பியதையும், 2008-ல் வேறொரு பயிற்சி ஆசிரியரின் கீழ் பீஜிங் ஒலிம்பிக்குக்கு நுழைவே பெறாமற் போனதையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு, நோய் எந்த அங்கத்தில் இருந்தது என்பது புலப்படாமற் போகாது. அதே 2008 ஏப்ரலில், சம்மேளனத்தின் காரியதரிசி மீது லஞ்சக் குற்றச்சாட்டு எழவே, இந்திய ஒலிம்பிக் சங்கம் அச்சம்மேளனத்தையே ஒதுக்கிவைத்தது.

பிறகு நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2018 முதல் ஒடிஷா சர்க்கார் தேசியக் கோஷ்டிகளின் செலவைத் தாங்க முன்வந்தது. ஆஸ்திரேலியரான கிரஹாம் ரீட் 2019-ல் பொறுப்பேற்றார். டோக்கியோ ஒலிம்பிக்கின் பிரிவாட்டத்தில் ஆஸ்திரேலியா நம்மவரை 7-1 என்று நசுக்கியது. பழைய நாட்களாயிருந்தால் அந்த ராத்திரியே பயிற்சி ஆசிரியரின் சீட்டு கிழிந்திருக்கும் என்ற பேச்சாவது எழுந்திருக்கும். அப்படியொன்றும் நேரவில்லை, 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி அதே கோஷ்டி ஜெர்மனியை 5-4 என்று வென்று, மாஸ்கோவுக்கு நாற்பத்தொரு வருஷங்களுக்குப் பிறகு வெண்கலம் பெற்றது. கௌசிக் அதைக் காணவில்லை. மூன்று மாதங்களுக்கு முன்புதான் கொள்ளை நோய்க்கு இரையாகியிருந்தார். 2024-ல் பாரிஸில், தென் ஆப்பிரிக்கரான கிரெய்க் ஃபுல்டனின் கீழ், மீண்டும் வெண்கலம் கிடைத்தது. அந்நியருக்குக் கொடுத்த காலத்தையும் அதிகாரத்தையும் நம்மவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பது குறுகிய சுதேசியம் ஆகாது. அவர்கள் கேட்டு வாங்கினார்கள். நம்மவர் அழைத்த மாத்திரத்தில், நிபந்தனையின்றி ஓடி வந்தார்கள். தேசம் அழைக்கிறது என்றால் நம்மவர் சம்பளச் சீட்டைப் பார்ப்பதில்லை. அந்தக் குணத்தைச் சம்மேளனம் மலிவாகப் பயன்படுத்திக்கொண்டது.

சென்னபட்டணத்தின் பங்கையும் சற்றே கவனிப்போம். ஒரு காலத்தில் ரயில்வே தொழிலாளர், போலீஸார், ஆங்கிலோ இந்தியர், கலாசாலை மாணவர் ஆகியோர் வளர்த்த ஹாக்கி இது. லயோலாவிலிருந்து எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம் நடந்து போகும் தூரந்தான். 1996-ல் அங்கே சாம்பியன்ஸ் கோப்பைப் பந்தயம் நடந்தது. 2007-ல் ஆசியக் கோப்பையை அங்கேதான் இந்தியா கொரியாவை 7-2 என்று வென்று பெற்றது. 2023 ஆகஸ்டில் 1-3 என்று பின்தங்கியிருந்து மலேசியாவை 4-3 என்று ஜயித்ததும் அங்கேதான். வேடிக்கை பார்க்க நமக்கு இடமுண்டு. ஆனால் அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இந்தியச் சட்டை அணிந்த கார்த்தி செல்வம் அரியலூர்ப் பிள்ளை. மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிப் பிள்ளை. மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தியாகராய நகர்ச் சந்துகளிலும், அடையாற்றிலும் மாலை வேளையில் கிரிக்கெட் மட்டை தென்படாத இடமில்லை. ஹாக்கி மட்டையைக் காண்பதோ அரிது. வசதி குறைந்த ஊர்கள் ஆட்டக்காரரை அளிக்க, மைதானம் உள்ள நகரம் கைதட்டுவதோடு நிற்கிறது.

2025 டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளைஞர் உலகக் கோப்பையில் இந்தியா அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று மூன்றாவதாக வந்தது. அக்கோஷ்டியின் பயிற்சி ஆசிரியர், டோக்கியோவிலும் பாரிஸிலும் கோல் காத்த ஸ்ரீஜேஷ். ஆட்டத்தை விட்டு ஒன்றரை வருஷங்கூட ஆகாமல் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் அவர்.

தேசியக் கோஷ்டிக்கு யாரை அமர்த்துவது என்பது டில்லியில் தீரும் விஷயம். நம் கையில் உள்ளது வேறு. ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் இந்நகரில் பலர் இருக்கிறார்கள்; ஒலிம்பிக் கண்டவர்களும் உண்டு. மாநகராட்சிப் பள்ளிகளும் கலாசாலைகளும் அவர்களுள் சிலரைப் பந்தயத்திற்குப் பந்தயம் அழைத்து அனுப்பாமல், ஆறு அல்லது எட்டு வருஷ உத்தியோக உறுதியோடு அமர்த்தட்டும். எழும்பூர்த் தரையில் வாரத்தில் சில காலை வேளைகளைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கென ஒதுக்கட்டும். முதல் மூன்று வருஷம் வெற்றி தோல்விக் கணக்கை அவர்களிடம் ஒருவரும் கேட்க வேண்டாம்.