அப்பா பணம் போட்டார். மகன் படகு முந்தியது!

நியூயார்க், 1929. பங்கு மார்க்கெட் கவிழ்ந்து, பணக்காரர்களே தலையில் துண்டு போட்டுக்கொண்ட வருஷம். அந்த வருஷம் போய், "உல்லாசப் படகு டிசைன் போட்டுத் தருகிறோம்" என்று ஒரு கம்பெனி திறந்தால்? சிரிக்கத்தானே செய்வார்கள்!

திறந்தவர்கள் டிரேக் ஸ்பார்க்மேன் என்ற படகுத் தரகரும், ஓலின் ஸ்டீபன்ஸ் என்ற 21 வயசு இளைஞரும். ஓலின், உடம்பு சரியில்லாமல் காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டவர்.

நிலக்கரி வியாபாரியான அப்பா மகனை நம்பினார். பணம் போட்டார். 52 அடி நீள "டோரேட்" பாய்மரப் படகு 1930-ல் தண்ணீரில் இறங்கியது.

1931-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டும் போட்டி. அப்பா, ஓலின், தம்பி ராட் மூணு பேருமே படகில்! பெரிய படகுகளெல்லாம் பின்தங்க, டோரேட் இரண்டு நாள் முன்னாடியே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. ஊர் திரும்பியதும் நியூயார்க் வீதியில் ஊர்வலம். மாடிகளிலிருந்து காகித மழை!

அப்புறம் ஆர்டருக்குப் பஞ்சமா? 1937 முதல் 1980 வரை நடந்த 9 "அமெரிக்கா கோப்பை" பந்தயங்களில், 8-ல் ஜெயித்த படகுகள் ஸ்டீபன்ஸ் கை பட்டவை.

ஓலின் 2008-ல் காலமானார். வயது 100. டோரேட் ஓயவில்லை. 2013-ல் லாஸ் ஏஞ்சல்ஸ்-ஹொனலூலு பந்தயத்தில் ஓடி, முதல் பரிசைத் தட்டிச் சென்றது. படகுக்கு அப்போது 83 வயசு!