மலிவு விலையும் மாண்ட தொழிலும்



கடைத்தெருவிலே பிறநாட்டுத் துவாயொன்று மலிவாகக் கிடைக்குமாயின் வாங்குவோர் மகிழ்வர். அது இயல்பே. ஆயின், அத்தகைய துவாயை உள்நாட்டிலே நெய்துவந்த ஆலை அதனால் மூடப்படுமானால், அங்கு உழைத்தோரின் கதி யாது? கோடிக்கணக்கானோர் சிறிது சிறிதாகப் பெறும் நன்மைக்காகச் சில ஆயிரம் பேர் தம் பிழைப்பையே விலையாகக் கொடுப்பது நீதியாகுமா? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்கா கண்ட விடையை இன்று ஆராய்வோம்.

1954 ஆம் ஆண்டிலே, அந்நாட்டு உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராயிருந்த டேவிட் மக்டொனால்ட் ஒரு யோசனையை முன்வைத்தார். சுங்கத்தீர்வையைக் குறைப்பது நாட்டின் பொது நன்மைக்காக அரசாங்கம் செய்யும் முடிவு. ஆகவே அதனால் விளையும் இழப்பையும் நாடே தாங்கவேண்டும் என்பதே அதன் சாரம். அப்பொழுது அது ஏற்கப்படவில்லை. எட்டாண்டுகளின் பின், ஜனாதிபதி கென்னடி 1962 ஒக்டோபர் 11 இல் ஒப்பமிட்ட வர்த்தக விரிவாக்கச் சட்டத்தில் அவ்வெண்ணம் இடம்பெற்றது. வேலையிழந்தவருக்கு அவரது சராசரி வாரச் சம்பளத்திலே நூற்றுக்கு 65 பங்கு வரை, ஓர் உச்ச வரம்புக்கு உட்பட்டு, 52 வாரங்களுக்கு உதவிப்பணமும், புதிய தொழிற் பயிற்சியும், வேற்றூர் சென்று குடியேறுவதற்கான செலவும் வழங்கச் சட்டம் இடமளித்தது.

ஏட்டிலிருந்த இவ்வுதவி வீட்டுக்கு வந்து சேரவில்லை. தீர்வைக் குறைப்பினாலேயே இறக்குமதி பெருகியது என்றும், அவ்விறக்குமதியே வேலையிழப்புக்குத் தலையாய காரணம் என்றும் இரண்டையும் நிறுவவேண்டியிருந்தது. இதனால் 1969 வரை ஒரு மனுவேனும் ஏற்கப்படவில்லை. 1974 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விறுக்கத்தைத் தளர்த்தியது. இறக்குமதி ஒரு முக்கிய காரணமாயிருந்தாலே போதும் என்றாயிற்று. தொழிலாளர் மூவர் கூடி மனுச் செய்யலாம்; தொழிற்சங்கமும் செய்யலாம். பின்னர், 1980 இல் மோட்டார் வாகனத் தொழிலாளர் பெருந்தொகையாக உதவி நாடினர்; செலவு ஏறியது. 1981 இல் ரீகன் ஆட்சி அதனைப் பெரிதும் குறைத்தது.

நடைமுறையில் இவ்வுதவி எவ்வாறிருந்தது என்பதற்கு வட கரோலினா மாநிலத்துக் கன்னப்பொலிஸ் நகரம் தக்க சான்று. துவாயும் படுக்கை விரிப்பும் செய்த பில்லோடெக்ஸ் நிறுவனம் 2003 ஜூலை 30 இல் மூடப்பட்டபோது, அம்மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 4,800 பேர் வேலையிழந்தனர். அவர்களுட் பலர் பள்ளிப்படிப்பை நிறைவுசெய்யாமல் இளமையிலேயே தறியருகே சென்றவர்கள். அரசாங்கச் செலவில் அவர்கள் மீண்டும் வகுப்பறைக்குச் சென்று அடிப்படைக் கல்வியும் புதிய தொழிலும் கற்க வழி பிறந்தது. ஆனால் நடுவயது கடந்தவருக்குக் கல்வி மட்டும் போதுமா? மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்தில் நூற்றுக்கு 65 பங்கை அரசாங்கம் ஏற்க 2002 ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்திருந்தது. எனினும் எஞ்சிய 35 பங்கும் சம்பளமற்ற குடும்பத்துக்குப் பெருஞ்சுமையன்றோ?

முதியவரின் நிலையைக் கருதிய ஏற்பாடு ஒன்றும் அச்சட்டத்தில் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஆண்டுக்கு 40,000 டொலர் பெற்ற வேலையை இழந்து, 30,000 டொலர் தரும் வேலையில் அமர்கிறார் எனக் கொள்வோம். குறைந்த தொகையிற் பாதியாகிய 5,000 டொலரை அரசாங்கம் ஈடுசெய்யும். இது ஈராண்டுகளில் மொத்தம் 10,000 டொலர் வரையே கிடைக்கும். சோம்பியிருப்பதற்குக் கூலி கொடாமல், கிடைத்த வேலையை விரைவில் ஏற்க ஊக்குவிப்பது இதன் சிறப்பு.

இத்திட்டத்தின்மீது ஒரு நியாயமான ஆட்சேபமும் உண்டு. இயந்திரம் வந்ததால் வேலையிழந்தவனும் பசித்தே இருக்கிறான். இறக்குமதியால் இழந்தவனுக்கு மட்டும் தனிச்சலுகை ஏன் என்று கேட்பர். தீர்வையைக் குறைத்தது அரசாங்கத்தின் கையொப்பம்; கையொப்பமிட்டவருக்குப் பொறுப்பும் உண்டு என்பது ஒரு விடை. காரணம் எதுவாயினும் வேலையிழந்தோர் அனைவருக்கும் உதவுக என்பது மற்றொரு விடை. அமெரிக்கா இரண்டிலொன்றையும் முழுமையாகப் பற்றிக்கொள்ளவில்லை. காங்கிரஸ் சபை காலநீடிப்பு வழங்காமையால், 2022 ஜூலை 1 முதல் புதிய தொழிலாளருக்குத் தகுதிச் சான்று வழங்குவது நின்றுபோயிற்று.

நம் நாட்டிலும், 1977 இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டோரும், பல ஊர்களிற் கைத்தறி நெய்தோரும் சந்தையிழந்து தவித்ததை மூத்தோர் அறிவர். கதவைத் திறப்பதா மூடுவதா என்று வாதிடும்போதெல்லாம் வேறொரு கேள்வியையும் உடன் கேட்டல் வேண்டும். திறந்த கதவின் வழியே வரும் காற்றில் யாருடைய விளக்கு அணையப்போகிறது? அவருக்கு வழங்கும் உதவி அடுப்பு அணையுமுன் சென்றடையவேண்டும். அதனைத் தருமமென்று எண்ணாது, நாடு பட்ட கடனென்றே கொள்ளல் தகும்.