ரைஃபிள் பழக எந்த இடம் பாதுகாப்பானது? அமெரிக்காவில் வேட்டை சீசனுக்கு முன் எழும் கேள்வி

2015 ஜூலை மாதம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள பைக் தேசிய வனத்தில் ஒரு குடும்பம் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தது. எங்கிருந்தோ பறந்துவந்த ஒரு தோட்டா, அங்கிருந்த 60 வயது தாத்தாவின் உயிரைப் பறித்தது. அவரை யாரும் குறிவைக்கவில்லை. அந்த வனத்தின் பல பகுதிகளில் துப்பாக்கி சுட்டுப் பழகுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் சட்டம் அனுமதிக்கும் இடமும் பாதுகாப்பான இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இலையுதிர் காலம்தான் மான் வேட்டை சீசன். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ரைஃபிளை எடுத்துக்கொண்டு, சுட்டுப் பழக இடம் தேடிக் கிளம்புவார்கள். எங்கே போகலாம்? எந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும்? வேலைக்காக அமெரிக்கா போயிருக்கும் நம்மவர்கள் 'சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமே' என்று கூடப் போனால் என்ன ஆகும்?

போன வருஷம் சரியாகச் சுட்டதே, மறுபடியும் எதற்குப் பழக வேண்டும்?

ரைஃபிள் மேல் இருக்கும் ஸ்கோப் ஒரு நுட்பமான கருவி. காரில் குலுங்கினாலோ, கை தவறிக் கீழே விழுந்தாலோ, திருகு கொஞ்சம் தளர்ந்தாலோ குறி மாறிவிடும். தோட்டாவின் பிராண்டையோ எடையையோ மாற்றினால்கூட அது போய் விழும் இடம் மாறும். அதனால் போன வருஷத்துக் கணக்கு இந்த வருஷம் செல்லாது.

ஒரு மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குல அகலம், அதாவது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. குறி அதற்குள் விழுந்தால் மான் சீக்கிரம் உயிர்விடும். கொஞ்சம் தள்ளி வயிற்றிலோ காலிலோ பட்டால், அது காயத்தோடு ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பயிற்சி இல்லாமல் காட்டுக்குப் போகாதே என்று அங்குள்ள வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எங்கெல்லாம் சுடலாம்?

முதல் வழி, துப்பாக்கி சுடும் ரேஞ்ச். தனியார் கிளப்புகளும் உண்டு, மாநில அரசின் வனவிலங்குத் துறை நடத்தும் பொது ரேஞ்சுகளும் உண்டு. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரை ஒட்டியுள்ள பென் ஏவரி ரேஞ்சை மாநில வனவிலங்குத் துறைதான் நடத்துகிறது. 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் இடம் அது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, ரைஃபிள், ஷாட்கன், தோட்டாக்கள் மீது 11 சதவீத மத்திய வரி உண்டு. அந்தத் தொகை வனவிலங்குப் பாதுகாப்புக்கும் வேட்டைக் கல்விக்கும் ரேஞ்சுகளுக்கும் மாநிலங்களுக்குப் போகிறது. பொது ரேஞ்ச் கட்ட மாநிலங்கள் தங்கள் பங்காக 25 சதவீதம் போட வேண்டியிருந்ததை, 2019-ல் வந்த ஒரு சட்டம் 10 சதவீதமாகக் குறைத்தது. ரேஞ்ச் பக்கத்தில் இருந்தால் ஆட்கள் கண்ட இடத்தில் சுட மாட்டார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது வழி, அரசுப் பொது நிலம். மத்திய நில மேலாண்மை அமைப்பான பி.எல்.எம். கையில் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. தடை போட்ட பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் சுட்டுப் பழகலாம். தேசிய வனங்களிலும் பொதுவாக அனுமதி உண்டு. ஆனால் வீடு, கட்டடம், முகாம், ஆட்கள் புழங்கும் இடம் ஆகியவற்றிலிருந்து 150 கெஜத்துக்குள், அதாவது சுமார் 137 மீட்டருக்குள் சுடக் கூடாது. வனச் சாலைக்கும் நீர்நிலைக்கும் குறுக்கே சுடக் கூடாது, குகைக்குள்ளும் கூடாது. யெல்லோஸ்டோன் மாதிரி தேசியப் பூங்காக்களில் சுட்டுப் பழக அனுமதி கிடையாது. 'தேசிய வனம்', 'தேசியப் பூங்கா' என்று பெயர் ஒரே மாதிரி இருப்பதால் புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

மூன்றாவது வழி, தெரிந்தவரின் பண்ணை நிலம். உரிமையாளரின் அனுமதி கட்டாயம். மாவட்ட, நகர விதிகளையும் பார்க்க வேண்டும். ஊர் எல்லைக்குள் வந்துவிட்டால், சொந்த நிலத்திலேயே சுடத் தடை இருக்கலாம்.

இடம் பாதுகாப்பானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு கணக்கு. பொடியாகத் தெரியும் .22 தோட்டாகூட ஒரு மைலைத் தாண்டிப் போகும். மான் வேட்டைக்குப் பயன்படும் .30-06 ரகத் தோட்டாவை மேல்நோக்கிச் சுட்டால் 3 மைல், அதாவது கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் வரை போகலாம். இதோடு 150 கெஜம் விதியை வைத்துப் பாருங்கள். அந்த விதி நீங்கள் நிற்கும் இடத்தைப் பற்றியது. தோட்டா போய் நிற்கும் இடத்துக்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது இலக்கை அல்ல, இலக்குக்குப் பின்னால் இருப்பதை. அங்கே தோட்டாவை விழுங்கி நிறுத்தும் மண்மேடோ செங்குத்தான மண்சரிவோ இருக்க வேண்டும். மேடு உயரமாக, அகலமாக இருப்பதோடு, கல் இல்லாத மண்ணாக இருப்பதும் முக்கியம். பாறையில் பட்ட தோட்டா எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீரும் அப்படித்தான். குளத்தில் சில்லு எறிந்தால் தாவித் தாவிப் போகுமே, அதே மாதிரி தோட்டாவும் தாவும். இறுகிப்போன சமவெளித் தரையும் தோட்டாவைத் தெறிக்கவிடும்.

மரங்களைத் தடுப்பாக நம்பக் கூடாது. புதருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது, மரத்தில் படாத தோட்டா எங்கே போகும் என்பதும் தெரியாது. குன்றின் உச்சியில் இலக்கை வைத்து, பின்னால் வானம் மட்டும் தெரிகிற மாதிரி சுடுவது மிக மோசமான தேர்வு. குன்றுக்கு அந்தப் பக்கம் நடைபாதையோ வீடோ இருக்கலாம்.

கிளம்புவதற்கு முன்பே போனில் சாட்டிலைட் வரைபடத்தைத் திறந்து, சுடும் திசையில் 5 கிலோமீட்டர் வரை என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். போய்ச் சேர்ந்ததும் மேட்டுக்குப் பின்பக்கம் நடந்துபோய் நேரிலேயே பார்த்துவிடுவது இன்னும் நல்லது. சைக்கிள் தடம், கூடாரம் போட்ட அடையாளம், மாடு மேயும் தடம் இருந்தால் வேறு இடம் தேட வேண்டியதுதான். ஏற்கெனவே அங்கே தோட்டாக் கூடுகள் சிதறிக் கிடக்கின்றன என்பதற்காக அது அனுமதி பெற்ற இடம் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளூர் வன அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தடை இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

எதைச் சுடுகிறோம் என்பதும் முக்கியம். காகித இலக்குதான் பாதுகாப்பு. பழைய டிவி, ஃபிரிட்ஜ், கண்ணாடி பாட்டில் என்று கொண்டுபோய்ச் சுட்டுவிட்டுக் குப்பையை அங்கேயே விட்டுவிட்டு வருவது, பல நல்ல இடங்கள் இழுத்து மூடப்பட ஒரு காரணம். செடிகொடிகளைச் சுடுவதும் தவறு. 1982-ல் அரிசோனாவில் ஒருவர் ராட்சத சகுவாரோ கள்ளியை விளையாட்டாகச் சுட, அதன் கிளை முறிந்து அவர் மேலேயே விழுந்து அவர் இறந்துபோனார்.

ஒரு தோட்டா காட்டையே எரிக்குமா?

எரிக்கும். 2013-ல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் ரைஃபிள் தோட்டாக்களை எஃகுத் தகட்டில் சுட்டுப் பார்த்தார்கள். மோதும் வேகத்தில் சிதறும் துண்டுகள் பல நூறு டிகிரி சூடாகி, காய்ந்த சருகு மண்ணில் தீயைப் பற்றவைத்தன. முழுக்கச் செம்பாலான தோட்டாக்களும் எஃகு கலந்தவையும் இதில் முன்னால் இருந்தன. உள்ளே ஈயம் உள்ள தோட்டாக்களால் தீப்பிடித்தது அரிது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈயம் கலந்த இறைச்சியைத் தின்று காண்டோர் கழுகுகள் சாவதால், கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது. அங்கே பலர் செம்புக்கு மாறிவிட்டார்கள். வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதை வைத்துத்தான் ஸ்கோப்பைச் சரிசெய்ய முடியும். ஆக, கழுகுக்கு நல்லதான தோட்டா காய்ந்த புல்வெளிக்கு ஆபத்தாகிறது. எஃகு இலக்கைத் தவிர்ப்பது, மண்மேட்டை மட்டும் நோக்கிச் சுடுவது, தீ அபாய எச்சரிக்கை உள்ள நாளில் சுடாமல் இருப்பது, தண்ணீரும் மண்வெட்டியும் கையில் வைத்திருப்பது ஆகியவைதான் இதற்கு வழி.

வெடிக்கும் இலக்குகள் இன்னும் மோசம். 2017 ஏப்ரலில் அரிசோனாவில் ஒருவர், பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் கொண்டாட்டத்தில் அப்படி ஒன்றைச் சுட்டார். பற்றிய தீயில் சுமார் 47,000 ஏக்கர் கருகியது. 80 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கட்டச் சொன்னது நீதிமன்றம்.

இடம் கிடைத்துவிட்டது. எப்படித் தொடங்குவது?

நேராக 100 கெஜத்தில் தொடங்காமல், முதலில் 25 கெஜத்தில் தொடங்குவது வழக்கம். குறி எவ்வளவு விலகியிருந்தாலும் அந்தத் தூரத்தில் காகிதத்திலாவது விழும். மணல் மூட்டை மேல் ரைஃபிளைத் தாங்கி, ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று தோட்டா சுட வேண்டும். மூன்றும் விழுந்த இடத்தின் நடுவைப் பார்த்து ஸ்கோப்பைத் திருப்ப வேண்டும். ஒரே ஒரு தோட்டாவை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பல ஸ்கோப்புகளில் ஒரு 'கிளிக்' திருப்பினால் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகரும். 25 கெஜத்தில் அதே கிளிக் பதினாறில் ஒரு அங்குலம்தான் நகர்த்தும். அதாவது அங்கே ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக் வேண்டும். பிறகு 100 கெஜத்துக்குப் போய் அதையே செய்ய வேண்டும். நடுவில் குழல் ஆற நேரம் கொடுக்க வேண்டும். சூடான குழலில் குறி மெல்ல நகரும்.

குறி சரியானதும் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும், ஏனென்றால் காட்டில் மேசை இருக்காது. மண்டியிட்டு, உட்கார்ந்து, படுத்து என்று பழகினால்தான் எந்தத் தூரம் வரை சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் தவறாமல் சுட முடிகிறது என்பது தெரியும். வேட்டையில் அதுதான் எல்லை.

காதுக்கும் கண்ணுக்கும் கவசம் இல்லாமல் சுடக் கூடாது. ரைஃபிள் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே சத்தம் கேட்கும் திறனை நிரந்தரமாகப் பாதிக்கலாம். ஈயத் தூசு ஒட்டியிருக்கும் என்பதால், கை கழுவாமல் சாப்பிடவும் கூடாது.

எந்த இடமானாலும் நான்கு விதிகள் மாறாது. எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். சுட விரும்பாத எதையும் நோக்கி அதைத் திருப்பக் கூடாது. குறி பார்க்கும்வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. இலக்கும் அதன் பின்னால் இருப்பதும் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். யாராவது இலக்கை மாற்ற முன்னே போனால், எல்லாத் துப்பாக்கியும் காலியாக, திறந்த நிலையில் கீழே இருக்க வேண்டும். அவர் திரும்பி வரும்வரை யாரும் தொடக் கூடாது.

எச்1பி விசாவில் இருப்பவர் சுட்டுப் பார்க்கலாமா?

ஆபிஸ் நண்பர்கள் வீக்கெண்டில் ரேஞ்சுக்குக் கூப்பிடுவது அமெரிக்காவில் சகஜம். ஆனால் எச்1பி, எச்4, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் நுழைந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வாடகைக்கு எடுத்து ரேஞ்சிலேயே சுடுவதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில்தான் வரும். தண்டனை 15 ஆண்டு வரை சிறை. நாடு கடத்தப்படும் ஆபத்தும் உண்டு.

விதிவிலக்குகளில் முக்கியமானது, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். அது கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. லைசென்ஸ் வாங்கப் பெரும்பாலும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநில விதிகள் தனி என்பதால், சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் போவதே புத்திசாலித்தனம்.

இந்தியாவில் கதையே வேறு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ரைஃபிள் சுடுவது விளையாட்டாக, ரைஃபிள் கிளப்புகளிலும் ரேஞ்சுகளிலும்தான்.

அங்கே முதல் முறை போகிறவர்களுக்கு மேற்பார்வையாளர் இருக்கும் ரேஞ்ச்தான் நல்லது. பொது நிலத்துக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம். அப்படிப் போகும் நாளில், தோட்டா எங்கே போய் நிற்கும் என்று சுடுவதற்கு முன்பே விரல் நீட்டிக் காட்ட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ரைஃபிளை உறையை விட்டு எடுக்காமலே வண்டியைத் திருப்பிவிடலாம்.