திரும்பும்போது மட்டும் முனகும் வண்டி

சித்தப்பாவின்ர ஃபோர் வீல் வண்டி மூண்டு கிழமையா முனகிக்கொண்டிருந்தது. நேராக ஓடினால் ஒரு சத்தமும் இல்லை. நெடுஞ்சாலை 404இல் நூறில போனாலும் கப்சிப். ஆனால் பசிபிக் மால் தரிப்பிடத்தில இடம் தேடி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சுத் திருப்பினால் பின் இருக்கைக்குக் கீழ இருந்து ஒரு முனகல் கிளம்பும். ஊரில எண்ணெய் காணாத துலா, வாளி மேல வரேக்கை போடுற சத்தம் ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட அதேதான். கூடவே காலுக்குக் கீழ ஒரு நடுக்கம்.

அவர் கொண்டுபோய்க் காட்டின கராஜில (பெயர் வேண்டாம்) தரிப்பிடத்தில ஒரு சுத்து ஓடிப் பார்த்திட்டு, "பின் டிபரன்சல் போட்டுது, முழுசா மாத்தோணும், 2,200 டொலர்" எண்டு துண்டில எழுதிக் குடுத்திட்டினம். வண்டியை வித்தாலே அதின்ர ரெண்டு மடங்கு வந்தால் பெரிய காரியம். சித்தப்பா காலமை நாலரைக்கு வேலை தொடங்கிற மனுசன். வண்டி இல்லாட்டி அந்த வேலை இல்லை. நான் மில்லிக்கனில அவர் வீட்டு பேஸ்மெண்டில இருந்துகொண்டு முதுகலை படிக்கிறன். படிப்பு சுழலும் இயந்திரங்களின் அதிர்வு பற்றி. "ரெண்டு வருசமா உதைத்தானே படிக்கிறாய், என்னெண்டு பாரன்" எண்டார். தப்ப வழியில்லை.

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு வந்து இருங்கோ.

சத்தம் பிடிக்கப் போறவை முதலில செய்யிறது, காதைக் குடுத்து 'எங்க இருந்து வருது' எண்டு தேடுறது. இரும்புச் சட்டத்தில சத்தம் ஓடுற ஓட்டத்துக்கு இது பெரும்பாலும் ஆளை ஏய்ச்சுப் போடும். பின் சில்லுப் பேரிங்கின் இரைச்சல் முன் கதவடியில கேட்கும். 'எப்ப வருது' எண்டு கேட்டால்தான் வழி பிறக்கும். ஓடுற வண்டியை நியூட்ரலில விட்டு உருள விட்டாலும் சத்தம் நிக்கேல்லையா, எஞ்சின் தப்பிச்சுது. ஆக்சிலேற்றரை மிதிக்கேக்கை ஊளையிட்டு, காலை எடுத்தவுடன சுருதி மாறினால் டிபரன்சலுக்குள்ள இருக்கிற பற்சக்கரங்களில சந்தேகப்படலாம். இரைச்சல் இடப்பக்கம் வளைக்கேக்கை கூடினால், பாரம் ஏறுகிற வலப்பக்கச் சில்லின் பேரிங்கைப் பாருங்கோ. முழு வளைவில மிதிக்க 'டிக் டிக் டிக்' எண்டால் சி.வி. மூட்டு. டிரைவில இருந்து ரிவேர்சுக்கு மாத்தேக்கை 'டங்' எண்டு ஒரு அடி விழுந்தால், முன்னுக்கிருந்து பின்னுக்குப் போற நீட்டுத் தண்டின் யு-மூட்டு.

எங்கட முனகல் இதில ஒண்டிலயும் அடங்கேல்லை. குளிரா இருக்கேக்கை வராது. இருபது நிமிசம் ஓடிச் சூடேறின பிறகுதான். மெதுவாப் போகேக்கை மட்டும். முக்கியமா, இடம் வலம் ரெண்டு பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு. ஒரு பக்கச் சில்லிலயோ மூட்டிலயோ பிழை எண்டால் அப்பிடி வராது. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான, நடுவில இருக்கிற ஏதோ ஒண்டு.

இனி வளைவுக் கணக்கு. வண்டி திரும்பேக்கை பின் சில்லுகள் முன் சில்லுகளின் தடத்தில போகாது, உள்ளுக்குள்ள வெட்டிக்கொண்டு போகும். கடதாசியில போட்டுப் பார்த்தன்: இந்த அளவு வண்டி முழுக்க ஒடிச்சு ஒரு வட்டம் அடிச்சால் முன் அச்சின் நடு கிட்டத்தட்ட 33 மீற்றர் போகும், பின் அச்சின் நடு 28 மீற்றர்தான். ஒரு வட்டத்துக்கே நாலைஞ்சு மீற்றர் வித்தியாசம். முன்னையும் பின்னையும் தண்டால இறுக்கிப் பூட்டி வைச்சால் இந்த வித்தியாசம் எங்க போகும்? ரயர் வழுக்கித்தான் ஆகோணும்.

ஊரில லாண்ட் ரோவர் ஓட்டின ஆக்களைக் கேட்டால் இது தெரியும். பழைய சீரிஸ் வண்டிகளில மஞ்சள் தலைக் கம்பியை அமத்தினால் முன் அச்சு சேரும். சேறு, மணலில வாசி. தார் ரோட்டில அப்பிடியே விட்டுத் திருப்பினால் வண்டி இழுபடும், கம்பி பிறகு விடுபடாமல் அடம் பிடிக்கும். மண்ணில ரயர் வழுக்கும், தாரில வழுக்காது, அவ்வளவுதான்.

தார் ரோட்டுக்கும் ஃபோர் வீல் வேணும் எண்டால் இந்த வித்தியாசத்தை விழுங்க நடுவில ஏதாவது வேணும். 1970இல வந்த ரேஞ்ச் ரோவரில நடு டிபரன்சல் இருந்தது. 1980 மொடலாக வந்த ஏ.எம்.சி. ஈகிள் காரில, சிலிக்கோன் திரவத்துக்குள்ள தட்டுகள் சுழலுகிற ஒரு இணைப்பை வைச்சாங்கள். அந்த ஈகிள் கார்கள் இங்க பக்கத்தில பிராம்ப்டன் ஆலையிலயும் செய்யப்பட்டவை, கடைசி வண்டி 1987இல. பனியில ஓடுற நாட்டுக்கு ஏத்த வண்டிதான், ஆனால் இப்ப கண்டவை எத்தினை பேர்?

சித்தப்பாவின்ர வண்டி வேற ரகம். சாதாரணமா முன் சில்லுகள்தான் இழுக்கும். பின் டிபரன்சலுக்கு முன்னால எண்ணெய்க்குள்ள ஊறின பல தட்டுக் கிளச் ஒண்டும், ரெண்டு சின்ன எண்ணெய்ப் பம்புகளும் இருக்கு. ஒரு பம்பு முன் சில்லுகளின் வேகத்தில சுத்தும், மற்றது பின் சில்லுகளின் வேகத்தில. ரெண்டும் ஒரே வேகம் எண்டால் ஒண்டு தள்ளுற எண்ணெயை மற்றது உறிஞ்சிப்போடும். பனியில முன் சில்லு வழுக்கி வேகமாச் சுத்தினால் மிஞ்சின எண்ணெய் அழுத்தமாகிக் கிளச்சை அமத்தும், பின் சில்லும் இழுக்கத் தொடங்கும். கொம்பியூட்டர் ஒண்டும் தேவையில்லை. ஆரோ ஒரு கெட்டிக்காரன் யோசிச்ச வேலை.

ஆனால் அந்தப் பம்புக்கு வழுக்கலுக்கும் வளைவுக்கும் வித்தியாசம் தெரியாது. வளைவிலயும் முன் சில்லு கூடத்தானே சுத்துது? கிளச் கொஞ்சம் அமரும். அப்ப தட்டுகள் ஒண்டோடொண்டு நைசாக வழுக்கோணும். அதுக்காகத்தான் அந்த எண்ணெயில உராய்வைச் சீராக்குகிற சேர்மானம் போடுறது. காலப்போக்கில சூட்டில அது கெட்டுப்போகும். பிறகு தட்டுகள் ஒட்டும், விடும், திரும்ப ஒட்டும், விடும், ஒரு செக்கனுக்குப் பல தடவை. வயலின் வில் தந்தியில செய்யிறதும் இதுதான், துலா முனகிறதும் இதுதான். ஆய்வுகூடத்தில இதுக்குச் சமன்பாடு எழுதி ஒரு அரையாண்டு போக்கினனான். தரிப்பிடத்தில காதால கேட்க வேற மாதிரி இருக்கு.

சந்தேகம் இதுதான், ஆனால் சந்தேகத்தை வைச்சுக் காசு செலவழிக்க ஏலாது. முதலில ரயர். முன்னுக்கும் பின்னுக்கும் தேய்மானம் வித்தியாசம் எண்டால் நேராப் போகேக்கையே வேக வித்தியாசம் வந்து கிளச் வேலை செய்துகொண்டே இருக்கும். ரயர்த் தடிப்பில 4 மில்லிமீற்றர் குறைஞ்சால் சுற்றளவில 25 மில்லிமீற்றர் குறையும். நூல் சுத்தி அளந்தன், நாலும் 5 மில்லிமீற்றருக்குள்ள நிண்டுது. ரயர் இல்லை.

அடுத்தது, ஸ்ரீல்ஸுக்குத் தெற்கே சின்னக் கராஜ் வைச்சிருக்கிற ஒரு அண்ணையிட்டப் போனம். நான் சொன்னதை எல்லாம் கேட்டிட்டு, "தம்பி, கதையை விடு, தண்டைக் கழட்டிப் பாப்பம்" எண்டார். திரும்பப் பூட்டேக்கை அதே இடத்தில இருக்கோணும் எண்டு ரெண்டு பக்கமும் வெள்ளைப் பெயின்ற்றால அடையாளம் போட்டு, நீட்டுத் தண்டைக் கழட்டி வைச்சார். முன் சில்லு இழுவையில மட்டும் இருபது நிமிசம் ஓடிச் சூடாக்கி, முழுக்க ஒடிச்சு வட்டம் அடிச்சம். சத்தம் இல்லை. தண்டைப் பூட்டி அதே வட்டம். முனகல் வந்திட்டுது. சித்தப்பாவின்ர முகத்தில மூண்டு கிழமைக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

எண்ணெய் மாத்தேக்கை அண்ணை ஒரு விசயம் செய்தார், நீங்களும் நினைவில வைச்சிருங்கோ: வடிக்கிற மூடியில கை வைக்க முதல் நிரப்பிற மூடியைத் திறந்தார். ரொறன்ரோ ரோட்டுக்குக் கொட்டுற உப்பில மூடி துருப்பிடிச்சு இறுகியிருக்கும். எண்ணெயை வடிச்ச பிறகு நிரப்பிற வழி திறக்காட்டி வண்டி அங்கயேதான். கால் மணித்தியாலம் மல்லுக்கட்டித்தான் அது அசைஞ்சது.

வடிஞ்ச எண்ணெய் கறுப்பு, கருகின மணம். மூடியில இருக்கிற காந்தத்தில களிம்பு மாதிரிச் சாம்பல் தூள் ஒட்டியிருந்தது. அது சாதாரணத் தேய்மானம். உலோகத் துண்டு வந்திருந்தால் கராஜ்காரர் எழுதின 2,200க்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். துண்டு ஒண்டும் இல்லை. இந்த வகைக் கிளச்சுக்கு எண்டு வாற எண்ணெயைத்தான் விடோணும். கடையில மலிவா வாற சாதாரண கியர் ஒயிலை விட்டால் முனகல் இன்னும் கூடும். ஒருக்கா விட்டு, பசிபிக் மால் திறக்க முதல் வெறும் தரிப்பிடத்தில இங்கிலிஷ் எட்டு மாதிரி இருபது தரம் சுத்தி, திரும்ப வடிச்சு, புதுசா விட்டம். முதல் நாலைஞ்சு எட்டில முனகிச்சுது, பிறகு குறைஞ்சு குறைஞ்சு நிண்டுட்டுது.

எண்ணெயும் கூலியும் சேர்த்து 118 டொலர். சித்தப்பா அந்த 2,200 எழுதின துண்டை இன்னும் பேர்ஸுக்குள்ள வைச்சிருக்கிறார், வாற ஆக்கள் எல்லாருக்கும் எடுத்துக் காட்டுறார்.