டாஃபைட்: பட்டை தீட்டிய பின் அறியப்பட்ட கனிமம்

கனிமங்கள் பொதுவாகப் பாறையிலோ படிவிலோ இனங்காணப்பட்டு, அதன் பின்னரே அணிகலனுக்குப் பட்டை தீட்டப்பெறுகின்றன. டாஃபைட் இவ்வொழுங்கிற்கு மாறானது. 1945இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில், மணியியல் அறிஞர் ரிச்சர்டு டாஃப் நகை வணிகர் ஒருவரிடம் வாங்கிய பழைய கற்களிடையே வெளிர் ஊதா நிறக் கல்லொன்று இருந்தது, எடை 1.419 காரட். பிற பண்புகளால் ஸ்பைனல் என்றே கொள்ளத்தக்க அக்கல்லை உருப்பெருக்கி நோக்கியபோது, பின்புறப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டித்துத் தெரிந்தன.

ஸ்பைனல் கனசதுரப் படிகத் தொகுதியைச் சார்ந்தது; அதில் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிவதில்லை. டாஃபைட்டோ அறுகோணத் தொகுதியைச் சார்ந்தது. எனவே இரட்டை ஒளிவிலகல் உடையது. எனினும் இரு விலகல் எண்களுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 0.004 மட்டுமே. மற்றைய அளவுகளோ ஆய்வாளரை ஏமாற்றுவன: ஒளிவிலகல் எண் இரண்டிற்கும் 1.72 அளவினது, ஒப்படர்த்தி 3.6 அளவினது, மோஸ் அளவுகோலில் கடினமும் 8ஐ ஒட்டியதே.

இலண்டன் ஆய்வகத்தில் ஆண்டர்சன் முதலியோர் இதனை ஆராய்ந்தனர். வேதிப்பகுப்பாய்விற்காகக் கல்லின் ஒரு பகுதியை வெட்டியெடுக்க நேர்ந்தது. பெரிலியம், மக்னீசியம் இரண்டையும் இன்றியமையாக் கூறுகளாகக் கொண்ட முதல் கனிமம் இது என்பது அதனால் புலனாயிற்று. ஆய்வுரை 1951இல் வெளிவந்தது. பிறப்பிடம் இலங்கையின் மணிக்கற் சரளைப் படிவுகள் எனப் பின்னர்த் தெளிந்தது. மியான்மர், தன்சானியா ஆகிய நாடுகளிலும் இது கிடைத்துள்ளது.

இதன் அருமைக்கு முதற்காரணம் புவி வேதியியல் சார்ந்தது. புவி மேலோட்டில் குறைவாகவே உள்ள பெரிலியம் பெரும்பாலும் கிரானைட் சார்ந்த பாறைக் குழம்புகளில் திரள்வது. மக்னீசியம் செறிந்த சூழலோடு அது கூடுவது அரிது. மற்றொரு காரணம் ஆய்வுமுறை சார்ந்தது; அதுவே கூடுதல் கவனத்திற்குரியது. 1949இல் இரண்டாவது கல் கிடைத்ததும் பாறையிலிருந்து அன்று, பட்டை தீட்டிய கற்களிடையேதான். ஆகவே வணிக நூல்கள் தரும் எண்ணிக்கைகள் இனங்காணப்பட்ட கற்களின் அளவேயன்றி, இயற்கையில் உள்ளவற்றின் அளவாகா.

1967இல் தென் ஆஸ்திரேலியாவின் மஸ்கிரேவ் மலைத்தொடரிலிருந்து அறிவிக்கப்பட்ட மஸ்கிரேவைட் இச்சிக்கலை மிகுவிக்கிறது. அதே தனிமங்களைக் கொண்டு, அணு அடுக்குகள் அமைந்த முறையில் வேறுபடும் இக்கனிமத்தை, ஒளிவிலகல் எண், ஒப்படர்த்தி ஆகியவற்றால் மட்டும் டாஃபைட்டிலிருந்து உறுதியாகப் பிரித்தறிய இயலாது. எக்ஸ் கதிர் ஆய்வு அல்லது இராமன் நிறமாலை ஆய்வு தேவை. பின்னையதற்குக் கல்லை வெட்ட வேண்டுவதில்லை என்பதால், ஸ்பைனல் எனப் பெயரிட்டு வைக்கப்பட்ட பழைய தொகுப்புகளையும் மீளாய்வு செய்ய அது இடந்தருகிறது.